'அடங்கிட்டான்' என்று கிளம்பிவிடாதீர்கள்: மெல்ட்டவுன், ஷட்டவுன் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை செம்பூரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஜூனில் புது உதவி ஆசிரியர்கள் வந்தால் போதும், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துகள் திரும்ப ஆரம்பித்துவிடும். அடிக்காதே, திட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அமைதியை நம்பி ஏமாறுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மெல்ட்டவுன் வந்தால் பிள்ளை அலறும், ஓடும், தலையில் அடித்துக்கொள்ளும். சுற்றியிருப்பவர்கள் பதறி ஏதாவது செய்வார்கள். ஷட்டவுனில் சத்தமே இருக்காது. பேச்சு நின்றுவிடும், கூப்பிட்டால் திரும்பாது, உட்கார்ந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடும். சத்தம், வெளிச்சம், நெரிசல், எதிர்பாராத மாற்றம் எல்லாம் சேர்ந்து தாங்கும் அளவைத் தாண்டும்போதுதான் இரண்டுமே வருகின்றன. ஒன்றின் பின்னால் மற்றொன்று வருவதும் உண்டு.

தாதர் நடைமேம்பாலத்தில் நடந்தது. ரயில் வேறு பிளாட்ஃபாரத்துக்கு வருவதாக அறிவிப்பு வந்ததும் கூட்டம் மொத்தமும் திரும்பி ஓடியது. எங்கள் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். சற்று நேரத்தில் சத்தம் நின்றது. கம்பியோரம் குந்தி, பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். "அடங்கிட்டான் மேடம், அடுத்த வண்டியப் பிடிச்சிடலாம்" என்றார் கூட வந்த புது டீச்சர். எழுப்பினார், எழுந்தான். நட என்றார், நடந்தான். வண்டியில் யாரோ பெயர் கேட்டபோது உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். அதற்கப்புறம் ஸ்டேஷன் படியைப் பார்த்தாலே தரையில் படுத்துவிடுவான். மாதக்கணக்கில் பழக்கிய ரயில் பயணம் அந்த ஒரு வண்டியோடு போயிற்று.

சொன்னபடி நடக்கிறான் என்றால் தேறிவிட்டான் என்று அர்த்தமில்லை. வண்டி போனால் போகட்டும். கூட்டம் இல்லாத ஓரத்தில் உட்கார வையுங்கள், ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள், தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் படும்படி வையுங்கள். தேற அரைமணி ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பெரியவர்களுக்கும் இதேதான், ஆபீஸ் மீட்டிங்கில் திடீரென்று வாயடைத்துப்போகிறவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி மேல் கேள்வி

அந்த நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் கூடுதல் சுமை. மும்பையில் அது மூன்று மொழியில் வேறு வரும்: அம்மா தமிழில், பக்கத்து சீட்டுக்காரர் இந்தியில், போலீஸ்காரர் மராத்தியில். வீட்டு மொழியில் ஒரே ஒருவர், இரண்டே வார்த்தை. முடிந்தால் சைகை, படம்.

கட்டிப்பிடிப்பது

சிலருக்கு அழுத்தம் ஆறுதல், சிலருக்குத் தொட்டாலே ஆகாது. நல்ல நேரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட் நீட்டுவது

அடம் என்றால் நிற்கும். மெல்ட்டவுன் நிற்காது.

அம்மா செல்லம் என்று சொல்வது

பள்ளியில் சமர்த்து, வீட்டில் ரகளை என்றால், பகலெல்லாம் அடக்கிவைத்தது சாயங்காலம் வெளியே வருகிறது. வீடு திரும்பியதும் டியூஷனுக்குத் துரத்தாதீர்கள்.

டாக்டரை மறப்பது

இதெல்லாம் திடீரென்று அதிகமானால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நிறைய. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோயும் மற்றவர்களைவிட அதிகம். புதிதாக வெறித்துப் பார்த்து உறைந்துபோனால் ஷட்டவுன்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். போனில் ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.