சிஎன்சி லேத்தில் ஆஃப்செட் வைப்பது: பட்டறைப் பையன்களுக்குச் சொல்வது

தை பிறந்தால் எங்கள் கும்பகோணம் பட்டறையில் மூச்சு விட நேரம் இருக்காது. சம்பா அறுவடை மெஷின்களின் தேய்ந்த புஷ்ஷும் பின்னும் சாக்கில் வந்து இறங்கும். வண்டி வயலில் நிற்கிறது, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். ஆஃப்செட், அதாவது ஒவ்வொரு டூலின் நுனியும் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் அளவு, தப்புவது அந்த அவசரத்தில்தான்.

எங்கள் லேத்தை ஓட்டுவது ஃபேனக் கம்பெனியின் கண்ட்ரோல். அதில் இசட் என்பது ராடின் நீளவாக்கு, எக்ஸ் என்பது குறுக்குவாக்கு, அதாவது விட்டம். 50 மி.மீ. ராடில் ஒரு புஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜாப்பின் சைபர் புள்ளியை வைக்கும் ஜி54 திரையில் இசட் 0 ஆக இருக்கிறதா பாருங்கள். பழைய ஜாப்பின் எண் அங்கே கிடந்தால் எல்லா டூலும் சேர்ந்து தப்பும்.

டர்னிங் டூலைக் கூப்பிட்டு, ஹேண்ட்வீலில் ராடின் முகத்தை, அதாவது முனையை, லேசாகச் சீவி ஃபேசிங் எடுங்கள். வெட்டியதும் எக்ஸில் மட்டும் வெளியே வாருங்கள், இசட்டைத் தொடவே கூடாது. டூல்களின் அளவு இருக்கும் ஆஃப்செட் ஜியாமெட்ரி திரையில், இந்த டூலுக்கான 1ஆம் வரிசையில் இசட்0. அடித்து மெஷர் அழுத்தினால் ஜாப்பின் முகம் சைபர் ஆகிவிடும். அடுத்து வெளிவிட்டத்தில் 10 மி.மீ. நீளத்துக்கு லேசாக ஓட்டுங்கள். இப்போது இசட்டில் மட்டும் விலகி, ஸ்பிண்டிலை நிறுத்தி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 49.12 வந்தால் எக்ஸ்49.12 மெஷர். விட்டத்தையே அடிக்க வேண்டும், பாதியை அல்ல. புள்ளியையும் விடாதீர்கள், புள்ளி இல்லாத 20, சில மெஷின்களில் 0.020 ஆகிவிடும்.

ஓட்டையின் உட்புறத்தைக் கடையும் போரிங் பாருக்கு, வெட்டிய முகத்தை மறுபடி வெட்டக் கூடாது. ஸ்பிண்டிலை நிறுத்தி, 0.10 மி.மீ. ஃபீலர் தகட்டை இடையில் வைத்து நகர்த்துங்கள். ஃபீலர் லேசாகப் பிடிக்கும்போது இசட்0.1 மெஷர். எக்ஸுக்கு ட்ரில் போட்ட ஓட்டையில் கொஞ்சம் ஓட்டி, உள்விட்டத்தை அளந்து அடியுங்கள். ஜாப்பை வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் டூலில் எந்த விளிம்பால் தொட்டீர்கள் என்பதைப் புரோகிராமோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

நான் ஒருமுறை 2ஆம் டூலின் அளவை 1ஆம் வரிசையில் அடித்துவிட்டேன். 2இல் பழைய குட்டை பாரின் எண் அப்படியே இருந்தது. புதிய நீள பார் ரேபிடில், அதாவது வெட்டாமல் நகரும் முழு வேகத்தில், வந்து முகத்தில் முட்டியதில் பார் உடைந்தது, ஜாப் சக்குக்குள் நழுவியது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து அடிக்கும் முன்பு வரிசை எண்ணை வாய்விட்டுச் சொல்கிறேன். பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எல்லா டூலும் முடிந்ததா? கட்டளையைக் கையால் அடிக்கும் எம்டிஐயில் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ரேபிடைக் குறைத்து, இசட்50.க்கு வரச் சொல்லுங்கள். முகத்திலிருந்து நுனிவரை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 50 மி.மீ. இருக்க வேண்டும். 45 தெரிந்தால் தொட்டதில்தான் தப்பு.

முதல் ஜாப்புக்கு, சின்னத் திருத்தங்களுக்கான வியர் திரையில் டர்னிங் டூல் எக்ஸுக்கு 0.3, போரிங் பாருக்கு -0.3 கொடுங்கள், ஆளுக்குக் கொஞ்சம் சதை, அதாவது வெட்டாத உலோகம், மிச்சம் வைக்கும். ஒவ்வொரு வரியாக ஓடும் சிங்கிள் பிளாக்கில், கை ஓட்டத்தை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனின் மேல் இருக்க ஓட்டுங்கள். பிறகு அளந்து, 40.00 வேண்டிய இடத்தில் 40.32 வந்தால் -0.32 அடித்து, இருக்கும் எண்ணோடு கூட்டும் ப்ளஸ் இன்புட்டை அழுத்துங்கள். வெறும் இன்புட் அழுத்தினால் அங்கிருந்த 0.3 அழிந்து -0.32 மட்டும் உட்காரும், புஷ் 39.70க்கு இறங்கிவிடும்.