பணியாளர் மெயில் ஐடி: புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் தவறுகள்

இந்த ஜூனில் எங்கள் துறைக்கு மூன்று பேர் புதிதாக வந்தார்கள். மெயில் ஐடி கைக்கு வந்த அன்றே ஒருவர் வங்கி, ஆர்கிட் (ORCID, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்), டிஜிலாக்கர் என்று எல்லாவற்றிலும் அதையே பதிந்துவிட்டார். “யுனிவர்சிட்டி பேரு இருந்தா ஒரு மதிப்புதானே மேடம்” என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டை 123456 என்று வைக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த ஐடி நிறுவனத்துடையது

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஏழு வருடம் இருந்துவிட்டு, 2021-ல் கிண்டிப் பக்கம் மாறினேன். நோ டியூஸ் படிவத்தோடு நூலகம், ஆய்வகம், கணக்குப் பிரிவு என்று மூன்று நாள் அலைந்தேன். மெயில் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ரிலீவிங் ஆர்டர் வாங்கிய மறுநாள் லாகின் ஆகவில்லை.

ஓர் ஆய்விதழ் என் கட்டுரைக்குத் திருத்தம் கேட்டு அந்த ஐடிக்குத்தான் எழுதியிருந்தது. கெடு தாண்டியதும் கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாக முடித்துவிட்டார்கள். அந்த ஐடியின் கூகுள் டிரைவில் ஏழு வருடப் பாடக் குறிப்புகளும் என் மாணவி ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த களத் தரவும் இருந்தன. நான் போய்க் கேட்பதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. நிறுவனங்களுக்கு மெயிலும் டிரைவும் தரும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள்தான் நிர்வாகியால் மீட்க முடியும். அந்த மாணவி பாதி ஊர்களுக்கு மறுபடி போனாள். “கணக்கை மூடப்போகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஆர்கிட்டின் 16 இலக்க எண் ஆயுள் முழுக்க உங்களுடையது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மெயில்களைச் சேர்க்கலாம். சொந்த மெயிலை இன்றே சேர்த்துவிடுங்கள். உங்கள் கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகுள் ஸ்காலர் பக்கத்தைச் சொந்தக் கணக்கில் திறந்து, பணியிட மெயிலைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொடுங்கள். வங்கிக்கும் டிஜிலாக்கருக்கும் பணியிட மெயில் வேண்டவே வேண்டாம்.

டிரைவ் கோப்புகளின் உரிமையை நிறுவனத்துக்கு வெளியே உள்ள கணக்குக்கு மாற்ற முடியாது. பகிர்ந்து வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு போனால் அந்தக் கோப்பும் போய்விடும். உங்கள் சொந்தப் பாடக் குறிப்புகளை செமஸ்டர் முடிந்ததும் பிரதி எடுங்கள். துறைக்குப் பொதுவானவற்றைத் தனி ஆளுக்கு இல்லாமல் நிறுவனத்துக்கே உரிய ஷேர்டு டிரைவில் போட்டால், யார் போனாலும் அவை அங்கேயே இருக்கும். கேள்வித்தாள், மதிப்பெண் பட்டியல் மட்டும் சொந்த மெயிலுக்குப் போகவே கூடாது.

ஸ்காலரிடம் பாஸ்வேர்டு

இன்டர்னல் மார்க் பதிவேற்றக் கடைசி நாள், கையில் வேலை அதிகம், “நீயே போட்டுடும்மா” என்று ஸ்காலரிடம், அதாவது நம் ஆய்வு மாணவியிடம், பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறோம். தப்பாக ஏறிய மார்க்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் போர்ட்டலில் பதிவாவது உங்கள் பெயர். அந்தப் பெண்ணையும் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

லேப் கணினியில் பாஸ்வேர்டைச் சேமிப்பது

வேண்டாம்.

ஓடிபி யார் எண்ணுக்கு வருகிறது?

சேர்ந்த அன்று அவசரத்தில் அலுவலக உதவியாளர் தன் எண்ணைப் போட்டுக் கணக்கைத் திறந்திருக்கலாம். பார்த்து மாற்றுங்கள்.

பேக்கப் குறியீடுகளை எடுக்காமல் விடுவது

இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்பது) இயக்கியதும், ஓடிபிக்குப் பதிலாகப் போட கூகுள் பத்துக் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அவற்றைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த என் தோழியின் போன் வெள்ளத்தில் போய்விட்டது. அண்ணாநகரில் அக்கா வீட்டுக் கணினியில் உட்கார்ந்தவருக்கு ஓடிபி வர வழியில்லை. ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் எடுத்துவந்த அந்தத் தாளைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்து, தேர்வு தள்ளிவைத்த செய்தியை மாணவர்களுக்கு அனுப்பினார்.