ஸ்டார்ட்டர் வைப்பதா வேண்டாமா: தம்பி கல்யாண வரவேற்புக்கு நான் போட்ட கணக்கு

தங்கை கல்யாண வரவேற்பில் ஸ்டார்ட்டருக்கு மட்டும் 42,000 ரூபாய் கொடுத்தோம். தலைக்கு 70 ரூபாய், 600 பேர். மினி சமோசா, கோபி 65, ஸ்வீட் கார்ன் சூப். ஆறரைக்கு மேஜையில் பரப்பினார்கள், ஏழே காலுக்கு எல்லாம் காலி. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள், என் அலுவலகத்து ஆட்கள் எல்லாரும் வந்ததே ஏழரைக்கு மேல்தான். எண்ணெய்க் கறை படிந்த மேஜை விரிப்பைத்தான் அவர்கள் பார்த்தார்கள். சமோசாவைத் தீர்த்தது எங்கள் வீட்டுப் பிள்ளைகளும், நாலு மணியிலிருந்தே மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் பத்துப் பேரும். ராத்திரி பார்த்தால் 80 இலைக்கு மேல் சாப்பாடு மீதி.

மூன்று வருஷம் கழித்துத் தம்பிக்குப் பெண் அமைந்தது. பெண் வீடு புதுக்கோட்டை, கல்யாணம் திருச்சியில். வரவேற்புச் செலவு மாப்பிள்ளை வீட்டாராகிய எங்களுடையது. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அதனால் நோட்டு என் கைக்கு வந்தது. சாப்பாட்டுக்கு ஒதுக்கியது 1,60,000 ரூபாய். 450 இலை, இலைக்கு 320 ரூபாய் என்று பேசியதில் 1,44,000 போனது. மிச்சம் 16,000. சமையல் மாஸ்டர் ஸ்டார்ட்டருக்குத் தலைக்கு 65 கேட்டார். அது மட்டும் 29,250.

பணம் இல்லை, வேண்டாம் என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஸ்டார்ட்டர் எதற்கு வைக்கிறோம் என்று யோசித்தேன். வந்தவர் பசியோடு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்குத்தான். அப்படியென்றால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, யார் எவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறார்கள் என்பதை. உங்கள் வீட்டிலும் மெனுவைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

மண்டபத்துக்குப் போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை நாற்காலி என்று எண்ணிப் பாருங்கள். மேனேஜர் சொல்வதை நம்ப வேண்டாம். எங்களிடம் 200 என்றார், நான் எண்ணியபோது 150. ஒரு பந்தி சாப்பிட 35 நிமிஷம், இலை எடுத்துத் துடைத்துப் புது இலை போட 10 நிமிஷம். 450 பேருக்கு மூன்று பந்தி, மொத்தம் இரண்டே கால் மணி நேரம். எட்டு மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பந்தி எழுந்து இலையெடுத்து முடிக்கப் பத்தே கால் ஆகும். ஏழுக்கே தொடங்கினால் ஒன்பதே காலுக்குள் முடிந்துவிடும். இந்த ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது, கூட்டம் எப்போது வரும் என்பது. எங்கள் முகூர்த்தம் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. திங்களன்று ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்பதால் முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள். அந்த அதிகாலையில் உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் வர மாட்டார்கள், முந்தின நாள் மாலையே தலையைக் காட்டிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கோ நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். ஆறு மணிக்கு முன்னால் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். ஆக, கூட்டம் ஏழிலிருந்து எட்டு வரை மொத்தமாகக் குவியும். ஏழு மணிப் பந்தியில் 150 பேர் உட்கார்ந்தாலும், ஏழே காலிலிருந்து எட்டரை வரை எப்போதும் ஒரு நூற்றைம்பது இருநூறு பேர் வெளியே இருப்பார்கள் என்று தெரிந்தது. என் ஸ்டார்ட்டர் அவர்களுக்கு மட்டும்தான், 450 பேருக்கும் இல்லை.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் தராது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பந்தியில் உட்கார முடியும் என்றால் ஸ்டார்ட்டரே வேண்டாம், ஒரு குளிர்ந்த பானம் போதும். காலை முகூர்த்தத்துக்கு அதுகூட வேண்டாம், காபியும் டிபனும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இடம் இருக்கிறது, இல்லை மணமக்கள் வேறு ஊரிலிருந்து வந்து தாமதமாகத்தான் மேடை ஏறுவார்கள் என்றால் கஞ்சத்தனம் பார்க்காமல் வையுங்கள். அந்தப் பணத்தைப் பூ அலங்காரத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

இனி மாஸ்டரோடு பேசுவது. தங்கை கல்யாணத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: தலைக்கு 70 என்றால் தலைக்கு எத்தனை துண்டு? மூன்று என்று வைத்தாலும் 600 பேருக்கு 1,800 துண்டு வந்திருக்க வேண்டும். வந்ததா என்று யாரும் எண்ணவில்லை. எனவே தலைக்கணக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள், எண்ணிக்கையில் பேசுங்கள். எத்தனை மணிக்கு வெளியே வரும், எத்தனை மணி வரை ஓடும், யார் கொடுப்பார்கள், பொரிக்கும் அடுப்பு எங்கே இருக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். பஜ்ஜி, கோபி 65 எல்லாம் சட்டியிலிருந்து எடுத்த கால் மணி நேரத்தில் தொய்ந்துவிடும். ஏசி கூடத்தின் வாசலில் அடுப்பு வைக்கப் பல மண்டபங்களில் விட மாட்டார்கள்.

பிறகு இலையைப் பாருங்கள். எங்களுக்குப் பேசியிருந்தது: பாதாம் அல்வா, வெஜ் கட்லெட், ரூமாலி ரொட்டி, பன்னீர் கிரேவி, வெஜ் பிரியாணி, வெங்காயத் தயிர்ப் பச்சடி, பொடி இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம், அப்பளம், ஐஸ்கிரீம், பீடா. இதற்கு முன்னால் சமோசாவும் தின்றுவிட்டு ஒருவர் உட்கார்ந்தால் பிரியாணியைத் தொடுவாரா? அதனால் கூடுதலாக எதையும் வாங்காமல், இலையில் இருக்கும் கட்லெட்டைக் கழற்றி வெளியே கொண்டுவரச் சொன்னேன். முதல் பந்தியின் 150 பேர் காத்திருக்கப் போவதில்லை, அவர்களுக்கு இலையிலேயே விழட்டும். பாக்கி 300 கட்லெட் தட்டில் வெளியே வரட்டும். பஜ்ஜி மாதிரி உடனே தொய்யாது, கையில் பிடித்துத் தின்னலாம்.

மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "கட்லெட் இல்லேன்னா இலை மொட்டையா தெரியும்க்கா."

"அந்த இடத்துல அப்பளத்தை ரெண்டாப் போடுங்கண்ணே."

சிரித்துவிட்டார். காசு ஏறவில்லை.

அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏண்டி, சம்பந்தி வீட்டுக்காரங்க அவ்வளவு தூரம் வேன்ல வர்றாங்க. வந்தவங்க வாயில ஒண்ணும் போடாம உக்காத்தி வைப்பியா?" என்றார். யோசித்தால் அம்மா சொன்னது சரிதான். ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று அவர்கள் மூன்று மணிக்கே கிளம்புவார்கள். நாலரைக்கு இங்கே வந்து, ஏழு மணி வரை எப்படி இருப்பார்கள்? ஆனால் அதற்கு ஸ்டார்ட்டர் மேஜை தேவையில்லை. 60 பேருக்கு மட்டும் அறைக்கே கீரை வடையும் காபியும் போனது. ஆளுக்கு 40 ரூபாய், 2,400. சம்பந்தி வீட்டார் இன்றுவரை சொல்லிக் காட்டுவது (நல்ல விதமாகத்தான்) அந்தக் காபியை.

வெளியே காத்திருப்பவர்களுக்குக் கட்லெட்டோடு இரண்டு சேர்த்தேன், சுண்டலும் பானகமும். சுண்டல் என்றதும் பெரியம்மா, "இதென்ன நவராத்திரிக் கொலுவா?" என்றார். நியாயமான கேள்வி. கொண்டைக்கடலையை விட்டுவிட்டு, மெரினாவில் விற்பது போல் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் ஆக்கினோம். வைகாசி என்பதால் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. பிறகு பெரியம்மாவே இரண்டாவது தொன்னை கேட்டு வாங்கினார்.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 250 தொன்னைக்கு 8 கிலோ காய்ந்த பட்டாணி, அதாவது தலைக்கு 30 கிராமுக்குக் கொஞ்சம் மேல். முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். வெந்ததும் எடை இரண்டு மடங்குக்குக் குறையாமல் வரும். தேங்காய்த் துருவலை மொத்தமாகக் கலக்காதீர்கள். அந்த வெயிலில் ஊசிப்போகும். வெளியே எடுக்கும்போது குண்டான் குண்டானாகக் கலக்கச் சொல்லுங்கள். பானகத்துக்கு 10 கிலோ வெல்லம், 60 லிட்டர் தண்ணீர், 100 எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய். குடிக்கிற தண்ணீர்தானா என்று நின்று பாருங்கள். ஐஸ் போட்டால் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் இல்லையே என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. நாங்கள் இலைத் தொன்னையும் மாஸ்டரின் எவர்சில்வர் டம்ளரும் வைத்துக்கொண்டோம்.

செலவு: காந்தி மார்க்கெட்டில் வாங்கிய சரக்கு 2,900, தொன்னை 600, பரிமாற இரண்டு ஆள் 1,800, மாஸ்டருக்குச் சமைத்த கூலி 1,000, வேனில் வந்த சம்பந்தி வீட்டாரின் வடை காபி 2,400. ஆக 8,700. மிச்சம் 7,300-ஐ அப்படியே வைத்திருந்தேன். 22 இலை கூடினாலும் தாங்கும். 13 இலை கூடியது.

வைக்கும் இடமும் நேரமும் தப்பினால் இத்தனை கணக்கும் வீண். எதையும் மேஜையில் பரப்பாதீர்கள். மேஜையைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பையன்கள் தட்டை ஏந்திக்கொண்டு, மேடையில் போட்டோவுக்கு வரிசையில் நிற்பவர்களிடமும் பின்வரிசை நாற்காலிகளில் இருப்பவர்களிடமும் போகட்டும். ஏழே காலுக்கு முன்னால் ஒரு கட்லெட்கூட வெளியே வரக் கூடாது என்று சமையலறை வாசலில் சின்ன மாமாவை நிற்க வைத்தேன். அவரிடம் மாப்பிள்ளைத் தோழர்களின் பாச்சா பலிக்காது.

இன்னொரு ஆள், உரக்கப் பேசத் தெரிந்தவர், வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் வேண்டும். சந்தனம், கற்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே வருபவர்களிடம் "முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் மேடைக்குப் போங்க" என்று சொல்வதுதான் அவர் வேலை. எங்கள் சித்தப்பா இதற்கென்றே பிறந்தவர். முதல் பந்தி ஏழு ஐந்துக்கே நிரம்பியது. பந்தி முழுவதும் எழும் வரை காத்திராமல், வரிசை வரிசையாக இலை மாற்றச் சொன்னதில் ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு நிமிஷம் மிச்சமானது.

மணப்பெண் அலங்காரம் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கைக்குப் பத்திரிகையில் ஆறரை என்று போட்டு, அவள் மேடை ஏறியபோது மணி ஏழு நாற்பது. தம்பி பத்திரிகையில் ஏழு என்று போட்டோம். அலங்காரம் செய்கிறவரிடம் மட்டும் ஆறு மணி என்று சொல்லி வைத்தோம். பெண் ஏழு பத்துக்கு வந்தாள்.

பானகத்தில் நான் கோட்டை விட்டேன். சுக்கு காரமாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்கள், 15 லிட்டருக்கு மேல் மீதி. சுக்கைப் பாதியாகக் குறையுங்கள். 40 லிட்டர் பானகம் போதும், கூடவே 20 லிட்டர் நீர்மோர் வைத்துவிடுங்கள். அதற்கு 5 லிட்டர் தயிர் சரியாக இருக்கும்.