வேலூர் வெயிலையே பார்த்தவர்களுக்கு ஹாட் யோகா எம்மாத்திரம்?

வெயிலுக்கும் ஜெயிலுக்கும் பேர் போன ஊர்க்காரர்களிடம் போய், “40 டிகிரி சூட்டில் அறையை மூடிக்கொண்டு யோகா செய்கிறார்கள், பார்த்துப் போங்கள்” என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். கத்திரி வெயிலில் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்காத சூடா? சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய், அங்கே ஹாட் யோகா வகுப்பில் சேரும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த நினைப்பில்தான்.

கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய ஹாட் யோகா முறையில் 2 மூச்சுப் பயிற்சிகளையும் சேர்த்து மொத்தம் 26 பயிற்சிகள், 90 நிமிடம். அறையில் சுமார் 40 டிகிரி சூடு, 40 சதவீத ஈரப்பதம். இப்போதைய வகுப்புகளில் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நம்மூர் மே மாதமும் 40ஐத் தாண்டுகிறதுதான். ஆனால் அப்போது நாம் என்ன செய்கிறோம்? நிழல் பார்த்து ஒதுங்குகிறோம், ஃபேனுக்கு அடியில் படுக்கிறோம். வேர்வை வடிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில், சுற்றிலும் அத்தனை பேர் வேர்த்துக் கொட்டும்போது அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வேலை செய்யும் தசைகள் வேறு உள்ளிருந்து சூட்டைக் கூட்டும். அப்புறம், வெயில் பழக்கம் பிறந்த ஊரால் வருவதில்லை. சூட்டில் உடம்பை அசைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். ஏசி ஆபீஸில் சில வாரம் உட்கார்ந்தால் போயும் விடும்.

ஆகவே முதல் நாளே எல்லா ஆசனத்தையும் முடித்தே தீருவேன் என்று நிற்காதீர்கள். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ யோகா பாயில் உட்காருங்கள். சரியாகவில்லையா, பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு வெளியே போங்கள். பேச்சு குழறினால், யாருக்காவது நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடம்பை நனைத்துக் குளிரவைத்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, வகுப்பு வாசலில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. வயிறு குலுங்குமே தவிரப் பயன் குறைவு. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். முடிந்த பிறகு உப்புப் போட்ட மோரைவிட நல்லது நம்மிடம் இல்லை. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்து. ஆம்பூர் பிரியாணியை வகுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் வயிறு லேசாக இருக்கட்டும்.

சூட்டில் உடம்பு நன்றாக வளையும். அதுதான் சிக்கல். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் தூக்கிக் கையால் பிடிக்கும் ஆசனத்தைப் பாருங்கள். கணுக்கால் வேர்வையில் வழுக்கும், பிடி நழுவும், விடக்கூடாது என்று முழங்காலை முறுக்கி இழுப்போம். அந்தச் சூட்டில் வலி சட்டென்று தெரியாது, மறுநாள் படியேறும்போது தெரியும். ஒரு சின்னத் துண்டைக் கணுக்காலில் சுற்றிப் பிடித்தால் போதும். யோகா பாயின் மேலும் ஒரு டவல் விரியுங்கள். வீட்டில் வளைகிற அளவுக்குமேல் அங்கே வளையாதீர்கள்.

முடிந்ததும் எடை மெஷினில் ஏறி, ஒரு கிலோ குறைந்தது என்று குதிப்பது வீண். போனது தண்ணீர், ராத்திரிக்குள் திரும்பிவிடும்.

கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. சூட்டில் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும், சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

காசு எதற்கு, நம் மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறையே போதும் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மயங்கி விழுந்தால் பார்க்க அங்கே ஆள் இருக்காது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிச் சூடாக்குவதோ இன்னும் மோசம், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.