புரோக்கர் இல்லாமல் வீடு விற்க: முதலில் வில்லங்கம் பாருங்கள்

விளம்பரம் போடும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரப் பட்டியல்) போட்டுப் பாருங்கள். நேரடி விற்பனை பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். வீட்டுக் கடனை அடைத்து, பத்திரத்தையும் வாங்கி வந்திருப்பீர்கள். ஆனால் கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது ஆவணம் பதிந்து கொடுக்காவிட்டால் அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். வாங்குபவரின் வங்கி அதைப் பார்த்ததுமே கடனை நிறுத்திவிடும். வங்கி அதிகாரியின் கையெழுத்து இதற்குத் தேவை என்பதால் இதை முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

பார்க்க வருபவர்களுக்குப் பத்திர நகல் மட்டும் கொடுங்கள், குறுக்கே 'பார்வைக்கு மட்டும்' என்று எழுதி. மூலப் பத்திரம் பதிவு நாளன்றுதான் கைமாற வேண்டும்.

அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (உங்களுக்குத் தரும் தொகையிலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவார். உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள், இல்லையேல் 20 சதவீதம் போய்விடும். விற்பனை ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும்.