முதல் மரக்கறிப் பெட்டி வாங்கும் முன்

எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்பாவுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. லீக்ஸும் கரட்டும் போடுவார். சந்தைக்குப் போகிற பாத்திகளுக்கெல்லாம் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பார். ஓரத்துப் பாத்தி ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். அது வீட்டுக்கு. வெலிமடைப் பக்கத்து விவசாயிகள் சிலர் ஹட்டனுக்கு வான் வண்டியில் இயற்கை மரக்கறிப் பெட்டி கொண்டுவருகிறோம் என்றபோது, நான் முதலில் கேட்டதும் அதைத்தான்: "உங்க வீட்டுக்குச் சமைக்கிறதும் இதே பாத்தியிலதானா?"

நீங்களும் இதில் தொடங்குங்கள். அப்புறம், எத்தனை வருடமாக இரசாயனம் போடவில்லை என்று கேளுங்கள். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள், அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்தும் விட்டார்கள். அந்த மாதங்களில் வேறு வழியில்லாமல் சேதனப் பசளைக்குப் போனவர் வேறு, அதற்குப் பிறகும் விடாமல் செய்கிறவர் வேறு. மரக்கறிக் காணி என்றால் குறைந்தது 2 வருடம் இரசாயனம் படாமல் இருக்கவேண்டும் என்பது சான்றிதழ் கொடுப்பவர்கள் பார்க்கும் கணக்கு. நம் மலைச்சரிவுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: மேல் காணிக்காரர் மருந்தடித்தால் மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது? அணை கட்டி வாய்க்கால் வெட்டியிருந்தால் அவரே சந்தோஷமாகச் சொல்வார்.

சரி, பதில் திருப்தியாக இருந்தால் ஆகச் சின்னப் பெட்டியை எடுங்கள். மாதக் காசை முன்கூட்டிக் கட்டவேண்டாம், வாரா வாரம் கொடுங்கள். நான்கு வாரம் பார்த்தால் போதும்.

பெட்டி வந்த உடனே பிரியுங்கள். இரண்டாம் வாரம் மழையில் வான் இரவு எட்டு மணிக்குத்தான் வந்தது. காலையில் பார்க்கலாம் என்று குசினி மூலையில் வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் பொன்னாங்காணி முழுக்க மஞ்சள், அடிக்கட்டு கொழகொழத்துக் கிடந்தது. அன்றிலிருந்து முதலில் கீரையை எடுத்து, கட்டை அவிழ்த்து, பேப்பரில் சுற்றி வைக்கிறேன். பழுத்த தக்காளியை அதன் பக்கத்தில் வைப்பதில்லை, கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். கரட்டின் இலையை அன்றைக்கே வெட்டிவிடுங்கள். விட்டால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து, மூன்றாம் நாளே கரட் ரப்பர் மாதிரி வளையும். எதையும் கழுவி வைக்கவேண்டாம், மண்ணோடு இருப்பதுதான் தாங்கும்.

லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, இதழ் இதழாக விரித்துத் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளைத் தண்டும் பச்சையும் சேருகிற இடத்தில்தான் செம்மண் ஒளிந்திருக்கும். கோவாவில் ஓட்டை இருந்தால் பயப்படாதீர்கள். நான்காக வெட்டி உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் புழு மேலே வந்துவிடும். என் மகள் முதல் புழுவைப் பார்த்து அலறினாள். மருந்தடித்த இலையில் அது உயிரோடு இருப்பது கஷ்டம் என்று சொல்லி, அதை ஒரு இலையில் எடுத்துக் கொல்லையில் விட்டோம்.

என்ன சமைப்பது என்று யோசித்துவிட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள், திறந்தபிறகு யோசியுங்கள். முதல் இரண்டு நாள் கீரை, அடுத்து போஞ்சி, லீக்ஸ். ஹட்டன் குளிருக்குக் கோவாவும் பீட்ரூட்டும் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். பீட்ரூட் இலையைப் பொடியாக அரிந்து, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, கொஞ்சம் மாசித்தூள் சேர்த்து இரண்டு நிமிடம் சுண்டுங்கள். எங்கள் வீட்டில் கிழங்கைவிட இலைதான் முதலில் முடிகிறது.

ஒவ்வொரு வாரமும் நிறுத்துப் பார்த்து, அன்றைய சந்தை விலையைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு வாரம் பாதிப் பாரம் பூசணிக்காயாகவே வந்தது. போனில் சொன்னேன், அடுத்த வாரம் நோக்கோல் வைத்து அனுப்பினார்கள். சொன்னால் கேட்கிறவர்களிடம்தான் தொடர்ந்து வாங்கலாம்.

வெற்றுப் பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்து வான்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஈரத்தோடு போனால் அடுத்த வீட்டுக் கீரை அழுகும்.