ஒயின் ஊரில் குடியிருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாட் டூர்க்ஹைம் அனுபவம்

ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன், மான்ஹைம், வால்டோர்ஃப் ஆகிய ஊர்களுக்கு வேலை கிடைத்து வரும் நம்மவர்களில் சிலர், மேற்கே ஹார்ட் மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்களில் வீடு எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் பாட் டூர்க்ஹைமுக்குக் குடிவந்தேன். இங்கு புதிதாக வருபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றே என்பது என் கருத்து: வேடிக்கை பார்க்க வந்தவரின் கண்ணோடு ஊரைப் பார்க்கிறோம், ஊரோ திராட்சைக் கொடியின் நாள்காட்டியைப் பார்த்து வாழ்கிறது.

முதல் தவறு, செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது வார இறுதிகளில் நடக்கும் வூர்ஸ்ட்மார்க்ட் திருவிழாவோடு ஊரைப் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணுவது. பெயரின் பொருள் தொத்திறைச்சிச் சந்தை என்றாலும், உலகின் மிகப் பெரிய ஒயின் திருவிழா என்றே இதைச் சொல்கிறார்கள். அதே மைதானத்தின் ஓரத்தில் 1934இல் கட்டப்பட்ட ராட்சத மரப்பீப்பாய் நிற்கிறது. 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு என்று சொல்லப்படும் அதில் ஒருநாளும் ஒயின் நிரப்பப்பட்டதில்லை; உள்ளே இருப்பது உணவகம். படம் எடுத்துக்கொண்டு பலரும் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். ஊரின் வடக்கே உங்ஷ்டைன் பகுதியில், வைல்பெர்க் சரிவில், ரோமானியர் காலத்துப் பண்ணை வீடு ஒன்று திராட்சை பிழியும் கட்டடத்தோடு அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி இன்றும் கொடிகள் காய்க்கின்றன. பீப்பாயைவிட அந்த இடமே எனக்கு இந்த ஊரைப் புரியவைத்தது.

திருவிழாவுக்குப் போகிறவர்கள் அளவு தெரியாமல் வாங்குவது அடுத்த தவறு. இங்கே ஒயின் ஊற்றித் தரப்படும் டுபெகிளாஸ், விரல் வழுக்காமலிருக்க வட்டக் குழிகள் பதித்த, அரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குவளை. ஷோர்லெ என்றால் ஒயினோடு சோடா கலந்தது என்று கேள்விப்பட்டு, இலேசான பானம் என நம்பிக் குடிக்கிறோம். இந்த வட்டாரத்தில் சோடா பேருக்குத்தான் சேரும். நீண்ட மேசைகளில் முன்பின் தெரியாதவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே குவளை கைமாறிச் சுற்றிவரும்போது உங்களிடமும் நீட்டப்படலாம். அது நட்பின் அடையாளம் மட்டுமே, கட்டாயம் அன்று. குடிக்காதவர்கள் நன்றி சொல்லி மறுத்துவிட்டுத் திராட்சைச் சாற்றில் சோடா கலந்த ட்ராவ்பன்ஷோர்லெ வாங்கிக்கொண்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. காரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரத்தத்தில் 0.5 புரோமில்லே ஆல்கஹால், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு, என்பது பொது வரம்பு. புதிதாக உரிமம் பெற்று இரண்டாண்டுத் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் அது பூஜ்யம். சைக்கிளுக்கும் 1.6 என்ற வரம்பு உண்டு. மான்ஹைம் வரை செல்லும் 4ஆம் எண் ட்ராம் இருக்கும்போது காரை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இலையுதிர் காலத்தில் சாலையோரங்களில் நொயர் வைன், அதாவது புது ஒயின், என்று விற்பார்கள். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கலங்கலாகவும் இனிப்பாகவும் இருப்பதால் பழச்சாறு என்று எண்ணிக் குழந்தைகளுக்கு ஊற்றிவிடும் ஆபத்து உண்டு. உண்மையில் அது இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் ஒயின். 4 சதவீத ஆல்கஹாலில் விற்பனைக்கு வந்து, நாளாக ஆக 10 சதவீதத்தைத் தாண்டக்கூடியது. உள்ளே உருவாகும் வாயு வெளியேறுவதற்காகப் பாட்டிலை இறுக மூடுவதில்லை. முதல் ஆண்டு நான் அதைத் தோள்பையில் படுக்கவைத்துக்கொண்டு ரயிலில் ஏறினேன்; இரண்டு நிறுத்தங்கள் தாண்டுவதற்குள் இருக்கையும் என் அலுவலகத் தாள்களும் நனைந்து, பெட்டி முழுவதும் புளித்த மாவின் வாசனை பரவிவிட்டது. பாட்டிலை நிமிர்த்தியே எடுத்துச் செல்ல வேண்டும், குளிர்பெட்டியிலும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அதோடு சேர்த்துத் தரப்படும் ஸ்வீபெல்கூகன் என்னும் வெங்காய அடையில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும். சைவர்கள் ‘ஓனெ ஷ்பெக்’ (பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு சூப்போடு டாம்ப்ஃநூடல் என்னும் ஆவியில் வெந்த மாவு உருண்டை அல்லது பிளம்ஸ் கேக் சாப்பிடுவது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். சூப்பில் இறைச்சி இல்லையென்று உறுதி செய்துகொண்டால் சைவர்களுக்கும் அது நிறைவான உணவு.

தோட்டப் பாதைகளில் நடப்பதற்குத் தடையில்லை என்பதால் கொடி வரிசைகளுக்குள்ளும் நுழையலாம் என்று பொருளாகிவிடாது. இங்கே விங்கர்ட் என்று அழைக்கப்படும் ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். ஒரு குலையைப் பறிப்பதும் திருட்டுதான். வழிகாட்டிச் செயலியை நம்பிக் காரை விவசாயப் பாதையில் இறக்குவதும் கூடாது, அவை டிராக்டர்களுக்கானவை. அறுவடைக் காலத்தில் பறவைகளை விரட்ட வைத்திருக்கும் எரிவாயுப் பீரங்கிகளின் வெடிச்சத்தமும், நள்ளிரவில் விளக்குகளோடு ஓடும் அறுவடை இயந்திரங்களின் இரைச்சலும் கேட்டுப் புகார் செய்ய வேண்டாம். பழம் குளிர்ச்சியாக வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இரவில் அறுக்கிறார்கள்.

ஒயின் வாங்கும்போது ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை ஒயின் என்றாலே இனிப்பு என்று கருதுவதும், ‘ஷ்பேட்லேசெ’ என்ற சொல்லைப் பார்த்ததும் இனிப்பு என்று முடிவு செய்வதும் பரவலான பிழைகள். அச்சொல் பழம் எவ்வளவு பழுத்தது என்பதைத்தான் குறிக்கிறது. இனிப்பைச் சொல்வது ‘ட்ரோக்கன்’, ‘ஹால்ப்ட்ரோக்கன்’, ‘லீப்லிஷ்’ போன்ற சொற்கள். இவற்றுள் முதலாவதே இனிப்புக் குறைந்தது. சிறு தயாரிப்பாளர்களின் வீட்டு முற்றத்திலேயே சுவைத்துப் பார்த்து வாங்கலாம். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. நான்கைந்து வகைகளை ருசித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவது முறையன்று.

ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் எனப்படும் வீட்டு ஒயின்கடைகளுக்கு, வருடம் முழுவதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலர். சட்டப்படி அவை ஆண்டில் நான்கு மாதங்களே நடக்கலாம். இருக்கைகளும் 40க்கு மேல் கூடாது. வாசலில் தழைக்கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். பணத்தாள்களும் கையில் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொடிகளைக் கவாத்து செய்கிறார்கள். அறுவடையின்போது நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாத அதே மனிதர்கள், அந்தக் குளிரில் ‘குட்டன் டாக்’ என்று வணக்கம் சொன்னால் கத்தரிக்கோலைத் தாழ்த்திவிட்டு, எந்தக் கிளையை ஏன் விட்டுவைக்கிறோம் என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.